ரதம் வேண்டாம், ஜீப் வாங்கு

அன்பு மாப்பிள்ளைக்கு மாமன் எழுதுவது.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய திட்ட அறிக்கையைப் பேரனிடம் கொடுத்து எழுத்தைப் பெரிசாக்கிப் படித்தேன். ஃப்ரீசர் பெட்டி இரண்டு, சீரியல் விளக்கு போட்ட சொர்க்க ரதம் ஒன்று, ஜெனரேட்டர், சாமியானா, நூறு நாற்காலி, பேண்டு செட்டு, கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ், வெடி, குழி வெட்ட ஆள். கடை ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம், பணம் தாட்கோ மானியக் கடன். கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறாய். பி.காம். படித்தது வீண் போகவில்லை.

உன் அம்மா அன்று ராத்திரியே போன் பண்ணி அழுதாள். "பொணப் பெட்டி வாடகைக்கு விடவா இவனைத் திருவண்ணாமலைக்கு அனுப்பிப் படிக்க வெச்சோம், நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்" என்றாள். தொழிலில் கேவலம் ஒன்றும் இல்லை, பட்டியலில்தான் பாதி வேண்டாதது என்று அவளிடம் சொன்னேன். எந்தப் பாதி என்று உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் நீ "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுவாய்.

முதலில் கேவலம் என்கிற பேச்சை முடித்துவிடுகிறேன். 2020 ஏப்ரலில், கொரோனா வந்த புதிதில், சென்னையில் சைமன் ஹெர்குலிஸ் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர் அந்த நோயிலேயே இறந்தார். அடக்கம் செய்யக் கொண்டுபோனவர்களை ஒரு கூட்டம் கல்லும் கட்டையுமாக அடித்து விரட்டியது. கடைசியில் அவரோடு வேலை பார்த்த பிரதீப் குமார் என்ற மருத்துவர், ஆஸ்பத்திரி ஊழியர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, நடுராத்திரியில் வேலங்காடு இடுகாட்டில் தானே மண்வெட்டி பிடித்துக் குழியை மூடினார். அடக்கத்தைத் தடுத்தால் மூன்று வருஷம் வரை ஜெயில் என்று அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது அதற்கு அப்புறம்தான். ஆபரேஷன் செய்கிற கை மண்வெட்டி பிடித்ததால் அந்த டாக்டருக்கு என்ன குறைந்துவிட்டது? உன் அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். அவள் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் அழுகை நின்றது.

அதே மண்வெட்டியைப் பற்றித்தான் உன்னிடமும் பேச வேண்டியிருக்கிறது. உன் பட்டியலில் கடைசி வரி: குழி வெட்ட ஆள், சம்பளத்துக்கு. அதை முதலில் அடித்துவிடு.

நம் ஊரில் ஒரு சாவு என்றால் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். ஊர்க்கவுண்டருக்குச் சொல்லி அனுப்புவார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் கடப்பாரை, மண்வெட்டியோடு வந்து நிற்பான். வாத்தியார் ஆனாலும் சரி, மிலிட்டரியிலிருந்து லீவில் வந்தவன் ஆனாலும் சரி, தன் முறைக்குக் குழிக்குள் இறங்கியே ஆகவேண்டும். நான் தலைமையாசிரியராக இருந்தபோதும் இறங்கியிருக்கிறேன். இளவட்டங்கள் மூங்கில் வெட்டிப் பாடை கட்டுவார்கள். பங்காளி வீடுகளில் அடுப்பு எரியாது, மற்ற வீடுகளிலிருந்து சாமை அரிசியும் விறகும் வந்து சேரும். வந்தவர்களுக்கு எங்கோ ஒரு திண்ணையில் சோறு வெந்துகொண்டிருக்கும். யாரும் யாருக்கும் கூலி கொடுப்பதில்லை. கூலி இல்லாததால்தான் அதில் மேல் கீழ் இல்லை.

கீழே நிலைமை வேறு. சமவெளிக் கிராமங்களில் குழி வெட்டுவது, பிணம் எரிப்பது, பறை அடிப்பது, சாவுச் செய்தி கொண்டுபோவது எல்லாம் ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்ட வேலையாக எத்தனையோ தலைமுறை கிடந்தது. மறுத்தால் அடி, ஒதுக்கிவைப்பு. அங்கே எரிவாயு மயானமும், மாதச் சம்பளமும், வாடகை வண்டியும் வந்தது பல குடும்பங்களுக்கு விடுதலை. "காசு கொடு, செய்கிறேன். இல்லையென்றால் நீயே செய்துகொள்" என்று சொல்ல முடிந்ததே பெரிய விஷயம். அதனால் சாவில் காசு புகுந்துவிட்டது என்று பொதுவாக ஒப்பாரி வைக்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். அங்கே காசு ஒரு கட்டை அவிழ்த்தது. இங்கே அந்தக் கட்டே இல்லை. நீ சம்பளம் கொடுத்து இரண்டு பேரைக் குழிக்கு வைத்தால், முதல் வருஷம் அவர்கள் உன் கடை ஆள்கள். பத்து வருஷத்தில் "குழி வெட்டுகிறவன்" என்பார்கள். அவன் மகனுக்குப் பெண் கேட்கப் போகும் வீட்டில் அதே வார்த்தை முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். மலையில் இல்லாத வெட்டியானை நீ உண்டாக்கிவிட்டுப் போகாதே. ஊர் தன் கையால் செய்கிற எதையும் விலைக்குக் கொண்டுவராதே, ஊரால் முடியாததை மட்டும் விற்றுக்கொள். பட்டியலின் மற்ற வரிகளையும் நான் இந்தக் கணக்கை வைத்துத்தான் பார்த்தேன்.

ஃப்ரீசர் பெட்டி இருக்கட்டும். அதை எதிர்க்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். "அந்தக் காலத்தில் காலையில் போனால் சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுவோம்" என்பார்கள். உண்மைதான், அப்போது எல்லாரும் ஊரிலேயே இருந்தார்கள். இப்போது மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில், மருமகள் அவனோடு, தம்பி கேரளாவில், இன்னொருவன் குடகில் காபித் தோட்டத்தில். செய்தி போய், லீவு சொல்லி, பஸ் மாறி மாறி, போளூரிலிருந்து மலை ஏறி வரவே ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. சாவு வீட்டில் முதல் கேள்வி "எப்போ எடுக்குறாங்க?" என்பது. அதற்குப் பதில் இப்போது மலையில் இல்லை, பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறது. பிழைப்புக்கு ஊரை விட்டுப் போனவர்களுக்குக் கடைசி முகம் பார்க்க அந்தப் பெட்டி வேண்டும்.

ஆனால் இரண்டு பெட்டி எதற்கு? ஒன்று போதும். மார்கழியில் நம் ஊரே ஃப்ரீசர் பெட்டிதான், உன் கம்ப்ரசர் ஓடவேண்டிய அவசியமே இருக்காது. மற்ற மாதங்களில் உனக்குத் தகராறு கரண்டுதான். சென்ற பங்குனியில் நம் பெரிய பங்காளி வீட்டுக்குக் கீழேயிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தார்களே, நீ அப்போது பரீட்சை என்று வரவில்லை. நாலு பேர் தூக்கி வாசலில் வைத்தார்கள். பிளக் சொருகினால் லைட்டு எரிகிறது, மோட்டார் முக்குகிறது, லோ வோல்டேஜ். ஸ்டெபிலைசருக்கு ஆள் அனுப்பி அது வருவதற்குள் கண்ணாடி முழுக்க வியர்த்துவிட்டது. அடியிலிருந்து வந்த ரப்பர் குழாய்க்குக் கீழே யாரோ ஒரு அலுமினியச் சட்டியை வைத்தார்கள், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பெண்கள் சும்மா சும்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து முகத்தைப் பார்த்தார்கள். அதைவிட இன்னொன்று கவனித்தேன். நம் பெண்கள் அழுவது என்றால் மார்பில் விழுந்து, கையைப் பிடித்து, கன்னத்தைத் தடவி அழுவார்கள். அன்று பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து கண்ணாடி மேல் கை வைத்து அழுதார்கள். கொஞ்ச நேரத்தில் அழுகை தானாக அடங்கிவிட்டது. பெற்ற மகள் வந்து "தொறங்கடா" என்று கத்தின பிறகுதான் மூடியைத் திறந்தார்கள், மறுபடியும் எல்லாம் பொங்கியது.

அதனால் பெட்டி கொண்டுபோகும்போது ஸ்டெபிலைசரும் சின்ன ஜெனரேட்டரும் பெட்டியோடு சேர்ந்தே போகட்டும், தனி வாடகை போடாதே. உறவு வந்து சேருகிறபோதெல்லாம் மூடியைத் திறந்துவிடச் சொல்லிக் கொடு. குளிர் கொஞ்சம் போகும், போகட்டும்.

இனி ரதம். அடித்துவிடு. மலைப் பாதையில் அந்தக் கண்ணாடிக் கூண்டும் அதன் மேலே நாலு மூலையில் நிற்கிற தகர அன்னப்பட்சியும் எந்த ஊர் வரைக்கும் போகும்? தார் ரோடு முடிகிற இடத்தில் ரதம் நிற்கும். நமக்குத் துன்பம் ஆரம்பிப்பதே அந்த இடத்தில்தான்.

2023 மே மாதம் அணைக்கட்டு மலைப் பக்கம், அல்லேரியில் நடந்தது உனக்கு மறந்திருக்காது. பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. பிரேதப் பரிசோதனை முடித்துத் திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட்டது, மேலே ரோடு இல்லை. பெற்றவள் பிள்ளையின் உடலைக் கையில் ஏந்திக்கொண்டு கிலோமீட்டர் கணக்காக நடந்தாள். படம் தேசம் முழுக்கப் போனது, கலெக்டர் மலைக்குப் போனார், ரோடு பற்றிய பேச்சு சூடு பிடித்தது. காட்டு நிலத்தின் வழியாகப் போகிற பாதை என்றால் அனுமதி, கோப்பு என்று இழுத்துக்கொண்டே போகும். 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது: கிராம சபை பரிந்துரைத்தால், ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், ரோடு, பள்ளிக்கூடம், குடிநீர் மாதிரியான காரியங்களுக்கு எடுத்துக்கொள்ளலாம். கிராம சபைக்கு நீயும் போ. இது உன் தொழிலுக்கும் சேர்த்துத்தான்.

ரோடு வருகிறவரை டோலிதான். மூங்கிலில் கம்பளியைக் கட்டி, நோயாளியை அதில் படுக்கவைத்து, ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்து ரோட்டுக்குக் கொண்டுவருகிறோம். பிழைக்காவிட்டால் அதே மூங்கில், அதே கம்பளியில் திரும்பி வருகிறார். பீஞ்சமந்தைப் பக்கமும், புதூர்நாட்டுப் பக்கமும், நம் பக்கமும் இது ஒன்றுதான். மூன்று மாவட்டத்துக்கும் மலை ஒன்று, தோளும் ஒன்று.

ஊரால் முடியாதது என்று நான் சொன்னேனே, அது இந்தத் தூரம். ரதத்துக்கு நீ போட்டிருக்கிற தொகையில் நல்ல செகண்ட் ஹேண்ட் ஜீப் ஒன்று வரும், நாலு சக்கரமும் இழுக்கிற மாதிரி. பின்னால் மடக்கு ஸ்ட்ரெச்சர் ஒன்று, தார்ப்பாய், கயிறு, டார்ச் லைட்டு. செத்தவரைக் கொண்டுவருகிற வண்டி உயிரோடு இருப்பவரையும் கொண்டுபோகட்டும். "பொணம் ஏத்தின வண்டியில் பிரசவத்துக்குப் போவாளா" என்று கேட்பார்கள். முதல் தடவை ராத்திரி ஒரு மணிக்கு வலி எடுக்கிறவரைதான் அந்தக் கேள்வி இருக்கும். வண்டியைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, சூடம் காட்டிவிடு, வாயும் அடைபடும். ஆர்.டி.ஓ. ஆபீசில் எந்த வகை அனுமதி வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள். விபத்து ஆன பிறகு இன்சூரன்ஸ்காரன் அதைத்தான் முதலில் கேட்பான்.

அரசு ஆஸ்பத்திரியில் இறந்தால் உடலை ஊருக்குக் கொண்டுவர இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. செஞ்சிலுவைச் சங்கம் நடத்துகிறது, நம்பர் 155377. இது நம் ஆள்கள் பாதிப் பேருக்குத் தெரியாது. பிணவறை வாசலில் நிற்கிற வாடகை வண்டிக்காரனுக்கு இது தெரியும், சொல்லமாட்டான். மலைக்காரன் என்று பேச்சிலேயே கண்டுபிடித்து இரட்டை வாடகை சொல்லுவான். அழுதுகொண்டிருக்கிறவன் பேரம் பேச மாட்டான் என்று அவனுக்குத் தெரியும். நீ உன் கடைப் பலகையில் உன் நம்பருக்கு மேலே 155377 என்று எழுதிப் போடு. வியாபாரம் குறையும் என்று பயப்படாதே. அந்த வண்டி அடிவாரம் வரை, அதிகம் போனால் ரோடு முடிகிற இடம் வரை வரும். அங்கே உன் ஜீப் நிற்கவேண்டும்.

பிரேதப் பரிசோதனை விஷயம் ஒன்று. பொழுது சாய்ந்தால் செய்யமாட்டார்கள் என்பது பழைய நடைமுறை. வெளிச்சமும் வசதியும் உள்ள ஆஸ்பத்திரிகளில் ராத்திரியிலும் செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதி கொடுத்தது. கொலை, தற்கொலை, சந்தேக மரணம் மாதிரியானவைக்கு அது பொருந்தாது. எல்லா ஆஸ்பத்திரியிலும் நடக்கவும் இல்லை. ஆனாலும் கேட்கலாம் என்று தெரிந்த ஒருவன் பக்கத்தில் நின்றால், சில குடும்பங்கள் ஒரு ராத்திரி வராண்டாவில் படுத்துக் கிடக்க வேண்டியிராது.

இன்னொன்று, இது கொஞ்சம் கனமான விஷயம். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி திருப்பதிப் பக்கம் சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றார்கள். நம் ஜவ்வாது மலை ஊர்களிலிருந்தும் அதில் ஆள்கள் போயிருந்தார்கள். நீ அப்போது சின்னப் பையன். உடல்கள் வந்து சேர்ந்தபோது, சீக்கிரம் முடித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் எல்லாப் பக்கமும் ஆள் இருந்தது. திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த ஆறு பேரின் உடல்களை மட்டும் குடும்பத்தார் எடுக்காமல் நிறுத்தினார்கள். கோர்ட்டுக்குப் போனார்கள். உடல்கள் திருவண்ணாமலை அரசு ஆஸ்பத்திரிப் பிணவறையில் நாள்கணக்கில் இருந்தன, நீதிமன்ற உத்தரவின் பேரில் இரண்டாவது தடவை பரிசோதனை நடந்தது. ஏழைக்கு அவனுடைய செத்த உடம்புதான் கடைசிச் சாட்சி. புதைத்தால்கூடத் தோண்டிப் பார்க்கலாம், எரித்துவிட்டால் அதுவும் போச்சு. மரணத்தில் சந்தேகம் என்று வீட்டார் ஒரு வார்த்தை சொன்னாலும் உன் வேலை பெட்டியைக் குளிராக வைத்திருப்பது மட்டும்தான். "சீக்கிரம் எடுத்துடலாங்க" என்று உன் வாயிலிருந்து வரக்கூடாது. உள்ளூர்ப் பெரிய மனுஷன் யாராவது உன் காதில் வந்து சொன்னாலும் வரக்கூடாது. வாடகை ஏறுகிறதே என்று குடும்பம் பயந்தால், இரண்டாம் நாளிலிருந்து வாடகை வேண்டாம் என்று சொல். உன் அறிக்கையில் வாராக்கடன் என்று ஒரு வரி போட்டிருக்கிறாயே, அதில் இது போகட்டும்.

காகிதத்துக்கு வருகிறேன். நீ உண்மையில் காசு வாங்கிக்கொண்டு செய்யக்கூடிய சேவை இதுதான், உன் பட்டியலில் இது இல்லவே இல்லை. நம் ஊர்களில் ஆள் இறந்தால் காரியம் முடித்து, பங்காளிகள் சாப்பிட்டு, எல்லாம் ஆன பிறகும் சாவைப் பதிவு செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். வருஷம் கழித்துப் பட்டா மாற்றவோ, வாரிசுச் சான்றிதழுக்கோ, விதவை உதவித்தொகைக்கோ போனால்தான் அந்த ஆள் அரசுக் கணக்கில் இன்னும் உயிரோடு இருப்பது தெரிகிறது. சட்டம் சுலபம்தான். 21 நாளுக்குள் சொன்னால் கட்டணமே இல்லை. வீட்டில் இறந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம், ஆஸ்பத்திரியில் இறந்தால் அந்த ஆஸ்பத்திரி இருக்கிற இடத்தில் பதிவு. வேலூரில் இறந்தவருக்கு நம் வி.ஏ.ஓ. பதிய முடியாது, இது தெரியாமல் அலைகிறவர்கள் நிறைய. 21 நாள் தாண்டினால் தாமதக் கட்டணம், 30 நாள் தாண்டினால் மேலதிகாரி அனுமதி, ஒரு வருஷம் தாண்டினால் கோட்டாட்சியர் ஆணை வரை போகவேண்டும். பெயரை ஆதாரில் இருக்கிற மாதிரியே எழுதிக் கொடுக்கணும். நம்மில் ஒருவருக்கு வீட்டில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், பட்டாவில் ஒரு பெயர். சான்றிதழில் நாலாவது பெயர் வந்துவிட்டால் பேரப்பிள்ளைகள் வரைக்கும் அலைவார்கள். நலவாரியத்தில் பதிந்தவர் என்றால் ஈமச்சடங்கு உதவி கிடைக்கும், அதற்கும் இந்தச் சான்றிதழ்தான் வேண்டும். எடுத்த அன்று இதைப் பேசாதே. மூன்றாம் நாள் பால் தெளித்து முடித்த பிறகு போய் உட்கார், விண்ணப்பத்தை நீயே எழுது. அதற்கு ஒரு நியாயமான தொகை வாங்கு. யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

இடுகாட்டு விஷயத்தையும் தெரிந்து வைத்துக்கொள். தமிழ்நாடு கிராம ஊராட்சிகளுக்கு 1999-இல் வந்த விதிகள் இருக்கின்றன. குடியிருக்கிற வீட்டுக்கோ குடிநீர் எடுக்கிற இடத்துக்கோ 90 மீட்டருக்குள் புதைக்கக் கூடாது, ஊராட்சியில் அனுமதி பெற்ற இடத்தில்தான் புதைக்கவேண்டும். சொந்த நிலமாச்சே என்று கொல்லையோரம் புதைத்துவிட்டு, பிறகு பக்கத்து நிலக்காரனோடு கோர்ட்டுக்குப் போன குடும்பங்கள் கீழே உண்டு. நம் மலையில் பரம்பரையாகப் புதைக்கிற காடு எத்தனையோ ஊர்களில் எந்தப் பதிவேட்டிலும் இல்லை, அது ஊருக்குத் தெரியும், அவ்வளவுதான். வழியும் அப்படித்தான். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் என்ன நடந்தது? சுடுகாட்டுக்குப் போகிற வழியை நிலக்காரர்கள் அடைத்துவிட்டதால், தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். வீடியோ வெளியே வந்த பிறகு உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. அங்கே சாதி. ஆனால் காகிதத்தில் இல்லாத வழி யாருக்கும் ஒரு நாள் அடைபடும், நமக்கும். கிராம சபையில் நீ எழுந்து பேசவேண்டிய இரண்டாவது விஷயம் இது.

விலை பற்றி. ஒரு அட்டையில் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக விலை எழுதிக் கடை வாசலில் மாட்டு. பெட்டி ஒரு நாளைக்கு இவ்வளவு, ஜீப் கிலோமீட்டருக்கு இவ்வளவு, ராத்திரி என்றால் இவ்வளவு. "பேக்கேஜ்" என்று நீ எழுதியிருக்கிறாயே, அதுதான் இந்தத் தொழிலின் பழைய தந்திரம். அமெரிக்காவில் ஜெசிகா மிட்ஃபோர்ட் என்ற பெண்மணி 1963-இல் அந்த நாட்டுச் சவ அடக்க வியாபாரிகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதிக் கிழித்தார். துக்கத்தில் இருப்பவன் தலையில் பெட்டி, பூ, மேக்கப் என்று எப்படியெல்லாம் கட்டுகிறார்கள் என்று. அதற்குப் பிறகும் இருபது வருஷம் ஆனது. 1984-இல்தான் பொருள்வாரியாக விலைப்பட்டியல் கொடுத்தே ஆகவேண்டும், போனில் கேட்டாலும் விலை சொல்லவேண்டும் என்று விதி அமலுக்கு வந்தது. பிரிட்டனில் 2021-இல் வந்தது. நம் நாட்டில் அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை என்பதற்காக நீ காத்திருக்காதே. சென்னை, பெங்களூரில் ஐயர் முதல் அஸ்தி கரைப்பது வரை ஒரே போன் காலில் என்று கம்பெனிகள் வந்துவிட்டன. நகரத்து அடுக்குமாடியில் தோள் கொடுக்க நாலு பேர் இல்லாதவர்களுக்கு அது தேவைதான், நான் குறை சொல்லவில்லை. நம் ஊரில் நாற்பது பேர் வாசலில் நிற்கிறார்கள்.

ஜி.எஸ்.டி. பற்றிக் கேட்டிருந்தாய். 2022-இல் சாவுக்கும் 18 சதவீதம் வரி போட்டுவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட்டது புரளி. அது மயானம் கட்டுகிற ஒப்பந்த வேலைக்கான வரி. அடக்கம், எரிப்பு, பிணவறை, உடலைக் கொண்டுபோவது எல்லாம் அந்தச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் வரிக்கு வெளியே இருக்கிறது. நாற்காலி, சாமியானா வாடகை அதில் வருமா என்று ஆடிட்டரிடம் கேள். உன் அளவுக்கு அது பிரச்சினையே ஆகாது.

வெடியும் பேண்டு செட்டும் வேண்டாம். காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் மலை எரியும், வனத்துறைக்காரன் உன்னைத்தான் தேடுவான். ஃப்ளெக்ஸும் வேண்டாம். கீழே செங்கத்தைச் சுற்றிப் பல்லவர் காலத்து நடுகற்கள் நிற்கின்றன, தொல்லியல் துறை 1972-இல் அவற்றைப் புத்தகமாகவே போட்டது. எடுத்தனூரில் ஒரு கல்லில், மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவன் பெயரோடு, அவன் கூட நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரும் இருக்கிறது. மகேந்திரவர்மன் காலம். நீ அடிக்கப்போகிற ஃப்ளெக்ஸ் ஆடிக் காற்றுக்குத் தாங்காது. அதில் செத்தவர் படத்தைவிட அஞ்சலி செலுத்துகிறவர்கள் படம் பெரிதாக இருக்கும். அந்தத் துணி அடுத்த மாதம் யார் வீட்டு ஆட்டுக்கொட்டாய்க்கோ கூரையாகும். அந்த மட்டுக்கும் அது உபயோகம்தான் என்று வைத்துக்கொள்.

சந்தனக்கட்டை, சந்தனத்தூள் சப்ளை என்று பென்சிலில் ஓரமாக எழுதி அடித்திருக்கிறாய். நல்ல வேளை அடித்தாய். நம் மலைச் சந்தனம் திருப்பத்தூர் டிப்போவுக்குப் போய் ஏலத்தில் எங்கெங்கோ பெரியவர்கள் சிதைக்கெல்லாம் போனது. இங்கே மரம் மொட்டையானதுதான் மிச்சம். செம்மரம் என்ன செய்தது என்று மேலே சொல்லிவிட்டேன். மரத்துப் பக்கமே போகாதே.

சாமியானாவும் நாற்காலியும் வை, அது கல்யாணத்துக்கும் போகும். சாவுக்குப் போன நாற்காலியைக் கல்யாணத்துக்குக் கொடுக்கலாமா என்று யாராவது கேட்டால் என்னிடம் அனுப்பு.

கொட்டேஷனை இப்படி மாற்று: பெட்டி ஒன்று, ஸ்டெபிலைசர், சின்ன ஜெனரேட்டர், ஜீப், ஸ்ட்ரெச்சர், சாமியானா, நாற்காலி, பிரிண்டரோடு ஒரு கம்ப்யூட்டர். குழி வெட்டுகிற செட்டுச் சாமான், கடப்பாரை, மண்வெட்டி, கூடை, நல்லதாக ஆறு வாங்கிக் கடையில் போடு. யார் ஊரில் சாவு என்றாலும் சும்மா எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுக்கட்டும், வாடகை கிடையாது. ரதத்துக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் இந்த வாரமே திருப்பிக் கேள், பாதியாவது வரும். கடைக்குப் பெயர் நீயே வை, "சொர்க்கம்", "மோட்சம்" எதுவும் வேண்டாம்.

போளூரில் ஒருவரிடம் ஜீப் இருப்பதாகச் சொன்னார்கள். பழைய வண்டி, எஞ்சின் பரவாயில்லையாம். திங்கள்கிழமை காலை பஸ்ஸில் நான் இறங்கி வருகிறேன். நீ ஸ்ட்ரெச்சரின் நீளத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அளவு டேப்பும் எடுத்துக்கொண்டு வா. பின்கதவு மூடுமா என்று பார்த்துவிட்டுத்தான் விலை பேசவேண்டும்.

உன் மாமன்